சிட்டானின் கால்

ஓர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு எலிகள் இருந்தன. இரண்டுக்கும் சர்க்கரை நோய். பாதம் தணலாய் எரியும். வெள்ளச்சிக்குத் தினமும் ஓர் இலைச்சாறு கொடுத்தார்கள், சிட்டானுக்கு வெறும் தண்ணீர். வாரம் ஒருமுறை ஆய்வாளர் அம்மா மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்; வலித்தால் எலி காலை இழுத்துக்கொள்ளும்.

ஒரு மாதத்தில் வெள்ளச்சிக்கு எரிச்சல் அடங்கியது. இழை பட்டும் காலை இழுக்கவில்லை. சிட்டானும் இழுக்கவில்லை.

"தண்ணீருக்கும் இதே பலன்தானா? அடுத்த வாரமும் இப்படியென்றால் சாற்றை நிறுத்திவிடலாம்" என்றார் அந்த அம்மா.

அவர் போனதும் வெள்ளச்சி சிட்டானின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்களுக்கு நிஜமாவே வலிக்கலையா?"

"உயிர் போகுது தங்கச்சி. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இழுத்தா அந்தம்மா முகம் வாடிப்போகுதே."

"வாடட்டும். நீங்க வலியைக் காட்டினாத்தான் சாறு என்ன செய்யுதுன்னு அவங்களுக்குப் புரியும்."

சிட்டான் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெள்ளச்சி விடவில்லை. ஏழு நாளும் கம்பியோரம் நின்று அதையே சொன்னாள்.

எட்டாம் நாள் இழை பட்டதும் சிட்டான் வெடுக்கென்று காலை இழுத்து, வாய்விட்டுக் கீச்சிட்டான். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து நெடுநேரம் எழுதினார்.

மறுமாதம் அவன் கிண்ணத்திலும் பச்சிலை வாசம் அடித்தது.