பஸ் திரும்பிய பக்கம்

"கொழும்பிலயிருந்து வாறவைக்கு மாலை! எங்களுக்குச் சேறு!" யாகப்பு தொண்டை கிழியக் கத்தினார்.

பின்னால் நின்ற பதினொரு பேரும் கறுப்புக் கொடியை உயர்த்தினார்கள். வங்காலைப் பக்கம் போகிற பெரிய றோட்டுச் சந்தி அடைபட்டது.

நாட்டிலுள்ள பிரதேச சபைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு தேசியச் சங்கம். அதன் தலைவரும் ஆட்களும் பஸ்ஸில் வருகிறார்கள். சபை மண்டபத்தில் கூட்டம், பிறகு இறால் கறியோடு சாப்பாடு. இவர்கள் குடியிருக்கும் கரைத்தெருவை எட்டியும் பார்க்க மாட்டார்கள்.

போன மாரியில் அங்குள்ள சுஜீவனின் மனுசிக்குப் பிள்ளை வலி வந்தபோது, அம்புலன்ஸ் சேற்றால் கரைத்தெருவுக்குள் வர முடியாமல் நின்றுவிட்டது. கதிரையில் இருத்தி இந்தச் சந்திவரை தூக்கி வந்தவர்களில் யாகப்புவும் ஒருவர். அந்த றோட்டுக்காக அவர் அடித்த துண்டுப்பிரசுரங்களைப் பரப்பியிருந்தாலே றோட்டு ஆகியிருக்கும்.

"ஐயா, விலகுங்கோ. பஸ் வருது," என்றார் பொலிஸ் சார்ஜன்ட்.

"முப்பத்தைஞ்சு வருசமா விலகச் சொல்லுறியள். ஒருநாள் விலகியிருக்கிறனோ?"

அந்த நேரம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் உள்ளூர்ப் பிரதேச சபைத் தவிசாளர் பிரான்சிஸ்கா. புதுச் சாறி. கையில் மாலைப் பை.

"சார்ஜன்ட், இந்தக் கரைச்சல் பிடிச்ச மனுசனோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. பஸ்ஸைக் கரைத்தெருவால திருப்பி விடுங்கோ."

"அந்த றோட்டாலயோ, மிஸ்?"

"வேற வழி இருக்கோ?"

பஸ் திரும்பியது. யாகப்புவுக்கு உச்சி கொதித்தது.

"பாத்தியளோ! வோட்டுக் கேக்க முன்வாசல், கேள்வி கேட்டால் பின்வாசல்! வாங்கோடா, துரத்துவம்!"

துரத்தத் தேவையிருக்கவில்லை. இருநூறு மீற்றர் தாண்டி, பஸ் அச்சுவரை புதைந்து கிடந்தது.

சங்கத் தலைவர் இறங்கினார். காலிலிருந்த ஒரு சப்பாத்து சேற்றிலேயே தங்கிவிட்டது. மறியல்காரர் கொடிகளை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸைத் தள்ளினார்கள். அது அசையவில்லை.

மீன்கூடையோடு வந்த அகஸ்ரினா சிரித்தாள். "அம்புலன்ஸே வராத இடம். பஸ்ஸைக் கொண்டந்திருக்கிறியள்!"

தலைவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "அப்ப நோயாளி?"

"கதிரையில வைச்சுத் தூக்குவம்," என்றார் யாகப்பு. "நாலு பேர் வேணும். இப்ப உங்களையும் தூக்கட்டோ?"

தலைவர் சிரிக்கவில்லை. ஒற்றைச் சப்பாத்தோடு நின்றபடியே செயலாளரை எழுதச் சொன்னார். திருத்த வேண்டிய றோட்டுகளென்று சங்கம் அமைச்சுக்குக் கொடுக்கப்போகும் பட்டியலில் இந்த றோட்டுத்தான் முதலாவது. கையெழுத்தும் வைத்தார்.

கரைத்தெருவே கைதட்டியது. யாகப்பு மீசையை முறுக்கிக்கொண்டு தவிசாளரிடம் போனார்.

"கண்டீரோ பிள்ளை? நீர் ஒளிச்சுக்கொண்டு போகப் பாத்தீர். போராட்டம் விடயில்லை."

"ஓம் அண்ணை." பிரான்சிஸ்கா குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தெருவை வந்து பாக்கச் சொல்லி நான் மூண்டு கடிதம் போட்டும், இவை நேரமில்லை எண்டிட்டினம். அடுத்த மாதம் அமைச்சர் வாறாராம். கறுப்புத் துணி நான் வாங்கித் தாறன், சந்தியை மறிச்சுத் தருவியளோ?"