கூட்டுக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

இந்தக் காலத்து மனுஷன் எதைத்தான் நிம்மதியாக விடுகிறான்? ஒரு தேன்சிட்டு கிளையில் கூடு கட்டிவிட்டால் போதும், அதன் மூக்குக்கு நேராகக் கேமரா வைத்துவிடுகிறான். அது குஞ்சுக்கு ஊட்டுவதை ஊரே செல்போனில் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. எல்லாம் பறவைச் சங்கத்துக்காரர்கள் செய்த வேலை.

“வெக்கங்கெட்ட ஜனங்க” என்று திட்டிக்கொண்டே ஏணியும் தினம் பார்த்தார். பூட்டிய வீடுகளில் மாடி வழியாக இறங்குகிறவர் என்பதால் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர்.

அவர் மனைவிக்கோ ஒரே பூரிப்பு.

“அந்தக் குட்டிங்களைப் பார்த்ததுலருந்து உங்க மூஞ்சியே தெளிஞ்சு போச்சுங்க. இப்படியே இருந்துடுங்க. இன்னொரு தடவை ஜெயிலுக்குப் போனீங்க, நான் மக வீட்டோட போயிடுவேன். திரும்பி வர மாட்டேன், ஆமா!”

“நான் எங்கடி போகப் போறேன்?”

ஏணி பார்த்தது கூட்டை அல்ல. கூட்டுக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலை. அது டாக்டர் வீட்டு மாடி அறை. ஒரு வாரமாகத் திரை அசையவில்லை, விளக்கு எரியவில்லை. குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறார்கள். சங்கத்தின் புண்ணியத்தில், படுத்துக்கொண்டே வேவு!

அன்று மத்தியானம் கொல்லைப்பக்கக் குழாயைப் பிடித்து ஏறினார். ஜன்னல் பக்கமே போகாமல் பீரோவைத் திறந்தார். நகைப்பெட்டியை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டார். தன் நிழலாவது கேமராவில் விழுகிறதா என்று பார்க்கச் செல்போனைத் திறந்தார்.

கூட்டின் மேல் ஒரு காக்கை!

தாய்ச்சிட்டு கிடந்து கதறுகிறது. காக்கையின் அலகு குஞ்சின் கழுத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த நொடி ஏணியின் பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

“சூ! திருட்டுப் பயலே! அடுத்தவன் வீட்டுல உனக்கு என்னடா வேலை?”

காக்கை பறந்தது. கேமரா இருக்கிற ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

மறுநாள் வாசலில் போலீஸ் ஜீப். இன்ஸ்பெக்டர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இறங்கினார்.

“நேத்து அந்த ஜன்னல்ல நின்னது நீங்கதானே, பெரியவரே? தெருமுனை மருந்துக்கடைக்காரர் போன்ல பார்த்துட்டு உங்க அடையாளம் சொல்லிட்டார். நானும் போன்ல பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

ஏணி திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அதற்குள் பையில் துணியைத் திணிக்க ஆரம்பித்திருந்தாள்.

“எதுக்கு சார் சுத்தி வளைக்கிறீங்க? பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. ஒரு குண்டுமணி குறையாது. எடுத்துக்குங்க.”

“எந்தப் பெட்டி?”

டாக்டர் வீட்டுக் காவல்காரரைப் பாராட்டுவதாக நினைத்து, பறவைச் சங்கம் கொடுத்தனுப்பிய பூங்கொத்தை நீட்டியபடி இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டு நிற்க, “ஆளை மடக்கப் பூ வேற கொண்டாறானுங்க, யாருகிட்ட!” என்று முணுமுணுத்தபடி ஏணி தானாகவே ஜீப்பைப் பார்க்க நடந்தார்.