ஒரே வீட்டு ஆட்கள்

கொரோனா காலம். கல்யாண மண்டபத்தில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போடுவதும் வாசலில் காய்ச்சல் பார்ப்பதும் என் பொறுப்பு. ஒரே வீட்டு ஆட்கள் மட்டும் சேர்ந்து உட்காரலாம்.

மணப்பெண்ணின் அம்மா தனியாக வந்தார். போன மாதம் அவருடைய கணவரைக் காய்ச்சலோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்களாம். கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னாராம். அதன்பிறகு முகத்தைக்கூடக் காட்டாமல் அடக்கம் செய்துவிட்டார்களாம். அந்த அம்மாவுக்கு முன்வரிசையில் ஒற்றை நாற்காலி போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொன்று. எடுத்துச் சுவரோரம் வைத்தேன். வாசல்வரை போய்விட்டு வந்தால் மறுபடி அங்கேயே இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரும்மா இதை இழுத்துப் போடுறது? சுகாதார ஆபீசர் பார்த்தா என் சீட்டைக் கிழிச்சிருவாரு."

"நான் எழுந்திருக்கவே இல்லையே தம்பி. இருந்துட்டுப் போகட்டும், எங்க வீட்டு ஆளுதான்."

நகரப் போன என்னை அந்த அம்மா நிறுத்தினார்.

"வாசல்ல எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்தீங்க. இவரை விட்டுட்டீங்களே."

அவர் மனசுக்காகக் காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காலி நாற்காலிக்கு மேலே, நெற்றி இருக்கும் உயரத்தில் நீட்டி அழுத்தினேன். வெறும் காற்றில் அழுத்தினால் அது கோடு மட்டும்தான் காட்டும்.

பச்சை விளக்கு எரிந்தது. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

"இன்னும் கொதிக்குதா தம்பி?"

கருவியை மறுபடி பார்த்தேன்.

"இல்லம்மா," என்றேன். "விட்டிருச்சு."