குறிக்கண்ணாடி

"துப்பாக்கியைத் தூக்கி அவரைப் பாத்து நீட்டுலே" என்றார் ஜமீன் காரியஸ்தர் நமச்சிவாயம். "பயப்படாதேயும் வே, வெத்துக் குழல்தான்."

ஜமீன் வேட்டைக்காரன் கருத்தையா துப்பாக்கியைத் தோளில் பதித்து ஒரு கண்ணை மூடினான். பாளையங்கோட்டைக் கண்ணாடிக் கடைக்காரர் அகமது மீரான், குழலைப் பைய ஒதுக்கிவிட்டு அவன் மூக்கில் சட்டத்தை மாட்டினார். கொழும்பில் தொழில் படித்தவர். அவர் கொடுத்த கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் கிடையாது.

"குறி பாக்கிறவனுக்குக் கண்ணாடி லேசுல அமையாது ஐயா. குழல் நுனியில இருக்கிற குமிழும் தெரியணும், தூரத்துல குறியும் தெரியணும். ஒண்ணு தெளிஞ்சா ஒண்ணு மங்கும்."

"அதுக்குத்தானே உம்மகிட்ட வந்திருக்கு. பட்டாபிஷேகத் துப்பாக்கிப் பந்தயத்துல முதப் பரிசு வாங்கின பய. ஒரு மாசமா பானையைக் காட்டினா பனைமரத்தைச் சுடுதான்."

மீரான் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். "அந்தா ஊசிக்கோபுரம் தெரியுதா?"

"எந்தக் கோபுரம் அண்ணாச்சி?"

வில்லையின் கனத்தைக் கூட்டினாலும் மங்கல் என்றான், குறைத்தாலும் மங்கல் என்றான். இப்படியொரு கண்ணை மீரான் கொழும்பிலும் கண்டதில்லை. ஆனால் பெட்டியில் கீழ்த்தட்டு இன்னும் பாக்கி. அதில் ஒன்று பொருந்தாமல் போகாது என்று நம்பினார்.

"என்ன வேட்டை ஐயா? பன்னியா, மிளா மானா?"

"ரெண்டு கால் பன்னி வே. பிசான அறுப்புக்கு ஜமீன் பங்கு வாரநெல் அளக்க மாட்டோம்னு ஆத்தங்கரைக் குடியானவப் பயலுவ ஒரு மாசமாத் துள்ளுதானுவ. வெள்ளிக்கிழமை களத்துல முன்னால நிக்கிறவன் ரெண்டு பேரைச் சாச்சா, மத்தவன் தானா அளப்பான்."

கீழ்த்தட்டுக்குப் போன மீரானின் கை நின்றது. பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டார்.

"இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது."

"கீழ அவ்வளவு கிடக்கே?"

"அது புஸ்தகம் படிக்கிறவங்களுக்கு."

காரியஸ்தர் எழுந்து நின்றார். "உம்ம கடை யாரு இடத்துல இருக்குன்னு ஞாபகம் இருக்கா வே?"

"ஜமீன் இடம். நாளைக்கே காலி பண்ணிட்டுக் காயல்பட்டினம் போயிருதேன். கண்ணாடி மட்டும் கிடையாது."

மீரானை ஒன்றும் செய்ய முடியாத காரியஸ்தரின் ஆத்திரம் கருத்தையாவின் மேல் திரும்பியது. அவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"குருட்டுப் பயலுக்கு ஜமீன்ல என்னலே வேலை? இங்கனயே கிட" என்று வில்வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

மீரானுக்குக் கருத்தையாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"தம்பி, உம்ம பிழைப்புல மண்ணைப் போட்டுட்டேன். உம்ம கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. ஆனா என் கண்ணாடி வழியா ஒருத்தன் நெஞ்சைக் குறிபாக்க நான் விடமாட்டேன். வைய வேணும்னா வைதுக்கிடும்."

கருத்தையா வாசற்படியில் போய் நின்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தான். மீரான் தம்முடைய கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்குப் புழுதிதான் தெரிந்தது.

"காரியஸ்தர் வண்டியில இடது சக்கரத்துக் கடையாணி கழண்டு தொங்குது அண்ணாச்சி, கூப்பிட்டுச் சொல்லவா, வேண்டாமா?"