நாலு துண்டாய்க் கிடந்த பெல்ட்

கிரானைட் ஏற்றிய லாரி காலை எட்டு மணிக்கே திருப்புல்லாணியில் கட்டடம் கட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால், பலகைக் கற்களைக் கிரேனில் தொங்கவிட்டு இறக்கும் பெல்ட் வாசல் நடுவே நாலு துண்டாய்க் கிடந்தது.

மேஸ்திரி சவேரியார்தான் முதலாளியான கான்ட்ராக்டர் வசந்தகுமாருக்குப் போன் போட்டார். அவர் வரும்போதே சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கொலை முயற்சி சார். செஞ்சவ அந்தா நிக்கிறா."

மணல் சட்டியோடு நின்றாள் கருத்தம்மாள். போன மாதம் இதே பெல்ட் பிய்ந்து, கல் விழுந்து, அவள் புருஷன் சின்னக்கருப்பனுக்கு ஒரு கால் போயிற்று. கல்லைப் புரட்டி அவனை இழுத்துப்போட்டவர் சவேரியார். பைக்கில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதவைத்தவர் வசந்தகுமார். பிய்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, "இன்னும் ஒரு வருசம் வரும்" என்றவரும் அவரே.

"நீதான் அறுத்தியாம்மா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எம்புருசன் கால எடுத்த பெல்ட்டுய்யா அது. போனதுல சந்தோசந்தான். ஆனா நான் அறுக்கல."

சவேரியார் குறுக்கே வந்தார். "அது பாவம்யா, விட்டுருங்க."

"நீ சும்மா இருய்யா!" என்று அதட்டினார் வசந்தகுமார்.

சப்-இன்ஸ்பெக்டர் துண்டுகளைப் புரட்டினார்.

"கொல்ல நெனச்சவன் பாதி அறுத்து விட்டிருப்பான் சார். இப்படி நாலா நறுக்கி நடு வாசல்ல போட்டிருக்க மாட்டான்." பிறகு அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "கேஸ் போடலாம். இந்த முடிச்சப் போட்டது யாருன்னும் எழுதணும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுல பைக்ல விழுந்த காலு எப்படிக் கல்லுக்கு அடியில போச்சுன்னும் எழுதணும்."

வசந்தகுமார் துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"வேணாம் சார். பழைய பெல்ட்டுதான..."

ஜீப் கிளம்பியது. ராமநாதபுரத்திலிருந்து மதியத்துக்குள் புது பெல்ட் வந்தது. பதினெட்டுப் பலகையும் ஒருவர் மேலும் ஒரு கீறல் படாமல் இறங்கின.

சாயங்காலம் காரில் ஏறப்போன வசந்தகுமார் திரும்பி நின்றார். "யோவ் சவேரி, இனிமே பெல்ட்டுக்கு நீதான் பொறுப்பு. இதையும் யாராச்சும் அறுத்துட்டா?"

சவேரியார் புது பெல்ட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்துவிட்டு, அடக்கமாகச் சொன்னார்:

"நையிற வரைக்கும் அறுக்க மாட்டேன், மொதலாளி."