லொரெய்ன் எங்கே?

"அம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

இடைவேளையில் வேலியோரம் வந்து நோலன் இதைச் சொல்லிவிட்டுப் போனான். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. மூன்று வரிசை தள்ளி இருந்தவர்களுக்கும் கேட்டது.

கிரெட்சனுக்கு முகம் சுண்டிப்போச்சு.

வலைக்கம்பால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லாக்ராஸில், நாலு வருஷமாகக் கல்லூரி அணிக்கு அவன் ஆடிய ஒரு ஆட்டத்தையும் விட்டவள் இல்லை. மழையிலும் ஏப்ரல் மாசத்துப் பனியிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கத்தினவள். இன்றைக்குச் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். எட்டுக்கு மூன்று என்று தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் போனால் நோலனுக்கு ஆட்டமே இதோடு முடிந்தது. அப்புறம் வேலை, காலை எட்டு மணி, கழுத்தில் டை.

"கடைசி வருஷம் வந்துட்டா பசங்க அப்படித்தான். பெத்தவளைப் பார்த்தாலே வெட்கம்," என்றாள் பக்கத்தில் இருந்த ட்ரூடி. அவள் மகனும் அதே அணிதான்.

"வெட்கமா? கால்ல போட்டிருக்கானே சாக்ஸ், அது நான் துவைச்சது. அதுல வெட்கம் வரலியா?"

அவள் அப்படி என்னதான் கத்திவிட்டாள்? எதிரணி கோல்கீப்பர் எம்மெட்டைப் பார்த்து, "உங்க அம்மா லொரெய்ன் எங்கேடா? தோத்துடுவோம்னு பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துட்டாளா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அந்த லொரெய்ன் மட்டும் லேசுப்பட்டவளா? வருஷா வருஷம் மகனின் கோலுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள். "நோலன் கண்ணு, கையில இருக்கிற வலைக்கம்பு பந்து பிடிக்கவா, பட்டாம்பூச்சி பிடிக்கவா?" என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். கிரெட்சனும் பதிலுக்குக் கத்துவாள். ஆட்டம் முடிந்ததும் கார் நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் உப்பு உருளைக்கிழங்கு தின்பார்கள். அதற்கு மேல் பழக்கமில்லை. போன் நம்பர்கூடக் கிடையாது.

இந்த வருஷம் ஆளைக் காணோம். கிரெட்சன் சும்மா விடுவாளா?

மகன் வாயை மூடச் சொன்ன ரோஷம் வேறு. மறுபாதி தொடங்கினதும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"லொரெய்ன் எங்கே?"

பின்வரிசை மாணவர்களுக்கு அது பிடித்துப்போச்சு. கை தட்டி, பலகையில் கால் உதைத்துத் தாளம் போட்டார்கள்.

"லொரெய்ன் எங்கே? லொரெய்ன் எங்கே?"

எம்மெட் ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தான். அதற்குள் ஒரு பந்து அவன் தோளைத் தாண்டி வலைக்குள் விழுந்தது.

அப்புறம் இன்னொன்று. எட்டுக்கு ஐந்து. எட்டுக்கு ஏழு.

எதிர்ப்பக்கம் இருந்த வெளியூர்ப் பெற்றோர்கள் கிரெட்சனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"பாரேன் அவங்க மூஞ்சியை," என்றாள் ட்ரூடி. "வயிறு எரியுது."

ஒன்பதுக்கு ஒன்பது. கடைசி இருபது நொடி. நோலன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தான்.

பத்து.

மைதானமே எழுந்து நின்றது. பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். நோலன் மட்டும் அந்தக் குவியலில் இல்லை. நேரே எம்மெட்டிடம் நடந்து போனான். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்ட, அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜெயிச்சவன் மாதிரியா இருக்கான் உன் பிள்ளை?" என்றாள் ட்ரூடி.

"அவன் ஜெயிக்கலை. என் தொண்டை ஜெயிச்சுது," என்றாள் கிரெட்சன்.

கார் நிறுத்துகிற இடத்தில் மேஜை போட்டு, இரண்டு அணிக்கும் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் நோலன் வந்தான். தட்டு எடுக்கவில்லை.

"வாங்க துரை. இப்பவாவது வாயைத் திறக்கலாமா நான்?"

"அம்மா." குரலைத் தாழ்த்தினான். "போன வெள்ளிக்கிழமை எம்மெட்டோட அம்மா தவறிட்டாங்க. திடீர்னு நெஞ்சுவலியாம். புதன்கிழமைதான் அடக்கம் பண்ணியிருக்காங்க."

கிரெட்சன் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆட்டத்துக்கு முன்னாடி. காசு சுண்டிப் போட ரெண்டு கேப்டனும் நடுவுல நின்னோம்ல, அப்ப சொன்னான்."

"தெரிஞ்சுமாடா என்கிட்ட சொல்லலை?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாம்மா. 'சொன்னா உங்க ஆளுங்க பரிதாபப்பட்டு மெதுவா அடிப்பாங்க. எங்க அம்மாவுக்கு அது பிடிக்காது'ன்னான்."

அவள் ஒரு தட்டில் உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைசியில் நின்ற வெளியூர் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். எம்மெட் படியில் தனியாக உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் எழுந்தான்.

"எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது. இந்த வாயை வெச்சுத் தைக்கணும்."

அவன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"அப்படிச் சொல்லாதீங்க, மிஸஸ் பிரானிகன். எட்டு நாளா வீட்ல, பஸ்ல, யாரும் என் முன்னாடி அவங்க பேரையே எடுக்கிறதில்லை. இன்னைக்கு ஒரு மைதானமே எங்க அம்மாவைத் தேடுச்சு. வந்துட்டாங்களோன்னு நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்."