ஈரமண்ணில் வைத்த குளம்பு

அந்தக் காட்டுச் சுனையில் புதிதாக வரும் பிராணி தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், பழைய பிராணி ஒன்று கரையின் ஈரமண்ணில் தன் காலைப் பதித்து அதற்கு ஜாமீன் நிற்க வேண்டும். "உங்க பேரைக் காப்பாத்துவேன் மாமா" என்று வெள்ளாடு கெஞ்சியதால் கழுதை குளம்பை வைத்தது. மூன்றே நாளில் ஆடு முயல்களின் வெள்ளரித் தோட்டத்தை மொட்டையாக மேய்ந்துவிட்டு மலைமேல் ஓடிவிட்டது.

கரடி விசாரணைக்கு உட்கார்ந்தது. ஆடு செய்ததற்குத் தண்டனை, கோடை முழுக்கச் சுனைப் பக்கமே வரக்கூடாது என்பது. அது தன் தலையில் விழப்போகிறது என்று தெரிந்ததும் கழுதை முந்திக்கொண்டது.

"தோட்டக் காவலுக்கு இருந்த முள்ளம்பன்றி தூங்கிட்டானே, ஐயா!"

"தூங்கினேன். அதுக்குப் பத்து நாள் தண்ணி கிடையாதுன்னு தீர்ப்பும் வாங்கிட்டேன்" என்றது முள்ளம்பன்றி. "நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே குளம்பு வெச்சீங்க, அண்ணே?"

முயல்கள் சிரித்தன.

"நான் ஒரு இலைகூடத் தின்னலையே!" என்று கத்தியது கழுதை.

"தின்னது ஆடு. தூங்கினது இவன். பொறுப்பேத்தது நீ" என்றது கரடி. "ஆடு கையிலே சிக்கலை. அது சுமக்க வேண்டியதை நீதான் சுமக்கணும்."

"அப்போ அந்த ஆட்டை யார் கேக்கிறது?"

"நீ கேளு. அது உனக்கும் அதுக்கும் உள்ள விவகாரம்."

கழுதை சுனையை விட்டுத் திரும்பியது. மேற்கே ஒரு நாள் நடந்தால் ஆறு இருக்கிறது. கழுதை மேற்கே போகவில்லை. வறண்ட நாக்கோடு, ஆட்டின் காலடியை மோந்துகொண்டே மலையேறத் தொடங்கியது.